கரையில் உட்கார்ந்தது போதும்

சென்னை எலியட்ஸ் கடற்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ப் பாருங்கள். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அப்பா அலையில் நிற்கிறார். பிள்ளைகள் நுரையைத் துரத்துகிறார்கள். தாத்தாகூடக் காலை நனைத்துக்கொள்கிறார். அம்மா மட்டும் மணலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி நான்கு ஜோடிச் செருப்பு, மூன்று செல்போன், தண்ணீர் பாட்டில், துண்டு, ஒரு பெரிய பை. "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்." இதை நம் வீட்டுப் பெண்கள் எத்தனை கடற்கரையில், எத்தனை அருவிக்கரையில், எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

அசோக் பில்லரைச் சுற்றியுள்ள அவென்யூக்களில், ஹவுசிங் போர்டு மாடிகளில், மாமியாரையும் மைக்ரோவேவையும் பிள்ளைகளின் டியூஷனையும் ஒருசேரக் கவனித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, இது உங்களுக்காக எழுதுவது. அடுத்த விடுமுறைக்கு அந்தமான் போகலாம் என்று உங்கள் வீட்டில் பேச்சு எழுந்திருக்கலாம். மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தபடி பவளப்பாறையைப் பார்க்கிறார்களே, அந்த ஸ்நார்க்கலிங் வீடியோவைப் பையன் காட்டியிருப்பான். டிக்கெட் தேடப்போவது நீங்கள். பள்ளி விடுமுறைத் தேதியைப் பார்ப்பது நீங்கள். மாமனாரின் மாத்திரையை எண்ணி வைப்பது நீங்கள். எல்லோருடைய துணியையும் மடித்து அடுக்கியபின், மனசுக்குள் ஒரு முடிவையும் மடித்து வைத்துவிட்டீர்கள்: 'அவங்க எல்லாம் எறங்கட்டும், நான் படகுல இருந்துக்கறேன்.'

கூடாது! இந்த முறை நீங்கள் இறங்க வேண்டும். ஒரு குடும்பத்தின் கடல் பயணத்தை முழுக்கத் திட்டமிடத் தெரிந்தவள் அந்தக் கடலுக்குள் முகம் வைக்க மட்டும் தகுதியில்லாதவளா? யார் சொன்னது?

பயம் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். நம் பயத்துக்குக் காரணம் உண்டு. மெரினாவில் குளிக்கக் கூடாது என்று காவல்துறை எச்சரிப்பது சும்மா இல்லை. அங்கே கரையை விட்டுச் சில அடி நகர்ந்ததும் ஆழம் விழுகிறது, நீரோட்டம் காலைப் பிடித்து இழுக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி இந்த நகரத்துக் கடற்கரையில் செய்ததை யாரும் மறக்கவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறி ஜாபர்கான்பேட்டைக்குள்ளும் ஈக்காட்டுத்தாங்கலுக்குள்ளும் புகுந்தபோது, அசோக் நகர்த் தரைத்தள வீடுகளில் இருந்தவர்கள் இருட்டில் மாடிப்படி ஏறினார்கள். தண்ணீர் என்றாலே நமக்கு ஓர் அழிவின் ஞாபகம் வருகிறது. அந்த ஞாபகம் சரியானது. ஆனால் அது உங்களுக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டியது எச்சரிக்கை. எச்சரிக்கை உள்ளவள் நீரோட்டம் கேட்டு, கைடு கேட்டு, லைஃப் ஜாக்கெட் பட்டியை இறுக்கிக்கொண்டு இறங்குவாள். பயம் மட்டும் உள்ளவள் கரையிலேயே உட்கார்ந்திருப்பாள், தன் பிள்ளை தண்ணீரில் திணறினால் கத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாமல்.

இந்தக் கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். உங்களை உலுக்குவதற்காகவே எழுதினேன்.

நம் தமிழ்க் கடற்கரையில் பெண்கள் கடலுக்குள் போனதே இல்லையா? மன்னார் வளைகுடாவுக்கு வாருங்கள். ராமேசுவரம் தீவிலிருந்து தூத்துக்குடிவரை 21 தீவுகள். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்து மீனவக் கிராமங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுக்கப் போகிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள், பாறை அறுக்காமல் இருக்க. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. இடுப்பில் ஒரு பை. சேலை மேல் ஒரு சட்டை. மூச்சுக்குழாய் கிடையாது, மிதவைச் சட்டை கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி, பாறையில் படர்ந்த கடற்பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வருகிறார்கள். மறுபடி முங்குகிறார்கள். அந்த உழைப்பில் அடுப்பெரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, அந்தப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவிகளில் ஒருவர். 2015இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி பரிசு அமெரிக்காவிலிருந்து அவரைத் தேடி வந்தது. பெரிய படிப்பு அவருக்கு இல்லை. கடலைத் தெரியும், தன் பேச்சில் நம்பிக்கை உண்டு, தன்னோடு நிற்கும் பெண்களைத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அவர்கள் கடல்மகள்கள், நாங்கள் அசோக் நகரில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பீர்கள். சரி, நகரத்துப் பிள்ளை ஒருவனைச் சொல்கிறேன். சென்னையில் நீச்சல் பழகிய குற்றாலீசுவரன் 1994இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது வயது 12. அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீரிணைகளைக் கடந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறினான். அவனும் ஒரு நாள் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கிய சிறுவன்தான். நீச்சல் யாருக்கும் பிறவியில் வருவதில்லை. தரையில் நடக்கக் கற்றதுபோலவே அதையும் விழுந்துதான் கற்கிறோம்.

நான் உங்களிடம் பாக் நீரிணையைக் கேட்கவில்லை. முகத்தை நீருக்குள் வைத்துக் கால்மணி நேரம் அமைதியாக மூச்சு விடுங்கள் என்கிறேன். அவ்வளவுதான் ஸ்நார்க்கலிங். இதற்கு நீச்சல்கூடக் கட்டாயமில்லை. அந்தமானின் நார்த் பே, எலிஃபன்ட் பீச் போன்ற இடங்களில் நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஒரு வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கைடே இழுத்துச் செல்கிறார். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் அது குளத்து நீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது, உங்களை இன்னும் எளிதாகத் தாங்குகிறது. அதன் மேல் ஜாக்கெட் வேறு. அந்த ஜாக்கெட்டோடு முழுகுவதற்கு நீங்கள் மிகவும் பாடுபட வேண்டும்!

இனி, பயம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்த எதிரி பாதி எதிரி. முகத்தில் நீர் பட்டதும் மூச்சு தானாக நின்றுவிடப் பார்க்கும். குழாயை வாயில் வைத்தும் நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கும். அப்போது எல்லோரும் செய்வது, வேகவேகமாக மூச்சை இழுப்பது. இழுத்துக்கொண்டே இருக்கிறோம், முழுதாக வெளியே விடுவதில்லை. மூச்சு முட்டுகிறது என்ற அலறலை மூளை எழுப்புவது பெரும்பாலும் உடலில் கரியமில வாயு சேர்வதால்தான். காற்று போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, போக வேண்டிய காற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கிறீர்கள். மருந்து என்ன? நீளமாக, குழாய் வழியே 'ஊஊ' என்று சத்தம் கேட்கும்படி மூச்சை வெளியே விடுங்கள். நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். பத்து மூச்சில் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும். பிரசவ வலியில் மூச்சை ஆண்ட நீங்கள் இதை ஆளமாட்டீர்களா?

மாஸ்க்கில் நீர் புகுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எல்லோர் நாக்கிலும் நிற்கும். ஒன்றும் ஆகாது. நீங்கள் மூச்சு விடுவது வாயால். மூக்கு மாஸ்க்குக்குள் இருக்கிறது. தலையை நிமிர்த்தி, மாஸ்க்கின் கீழ் விளிம்பைச் சற்றே இழுத்தால் நீர் கொட்டிவிடும். பழகியபின் நீருக்குள்ளிருந்தபடியே, மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் பலமாக ஊதி வெளியேற்றலாம். கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்பக்கம் கொஞ்சம் எச்சில் தடவிக் கழுவுங்கள். அனுபவப்பட்டவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். குழாய் ஏன் ஒரு முழத்துக்கும் குறைவாக இருக்கிறது என்று உங்கள் பையன் கேட்பான். நீர் நெஞ்சை அழுத்துகிறது, ஆழம் கூடக்கூட அந்த அழுத்தத்தை எதிர்த்துக் காற்றை உள்ளிழுக்க நம் விலாத் தசைகளுக்குப் பலம் போதாது என்று சொல்லுங்கள். விளம்பரத்தைப் பார்த்து நீளமான குழாய் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

பயிற்சி அந்தமானில் தொடங்குவதில்லை. உங்கள் வீட்டில் தொடங்குகிறது. மாஸ்க்கையும் குழாயையும் முன்னதாகவே வாங்குங்கள். இந்த ஒரு செலவில் சிக்கனம் வேண்டாம். வாடகை மாஸ்க் எல்லா முகத்துக்கும் பொருந்துவதில்லை, பொருந்தாத மாஸ்க்தான் பாதிப் பேரை முதல் நிமிடத்திலேயே கரைக்குத் துரத்துகிறது. பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தபின்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. பிள்ளைகளுக்குச் சிறிய அளவு தனியாக வேண்டும். உங்கள் கணவருக்கு மீசை இருந்தால் அந்த வழியாக நீர் கசியும். மீசை மேல் லேசாக வாசலின் தடவச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவரா? மூக்குக்கண்ணாடியை மாஸ்க்குக்குள் வைக்க முடியாது, ஆனால் பவர் வைத்த மாஸ்க்குகள் கிடைக்கின்றன. 'எனக்குக் கண்ணே தெரியாது, எறங்கி என்ன பாக்கப்போறேன்' என்ற சாக்கு இத்தோடு ஒழியட்டும். நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், சற்றுக் கிட்டத்திலும் தெரியும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றுங்கள். மாஸ்க் மாட்டி, குழாயைக் கடித்து, முகத்தை வைத்துப் பத்து மூச்சு. மறுநாள் இருபது. வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்கள் சைக்கிள் பழகியபோதும் தெருவே சிரித்தது, ஸ்கூட்டி எடுத்தபோதும் 100 அடி சாலையில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். இன்று அதே சாலையில் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு வடபழனிவரை போகிறீர்கள். சிரிப்பு எத்தனை நாள் நீடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அடுத்து, குளம். வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. நம் வரிப்பணத்தில் எழுந்தது, நமக்கும் உரியது. நகரத்தில் வேறு குளங்களும் உண்டு. பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குகிற இடங்களைக் கேட்டுப் பாருங்கள். நீச்சல் முழுவதையும் ஒரு மாதத்தில் கற்றுவிட வேண்டும் என்று உங்களை நீங்களே மிரட்டிக்கொள்ளாதீர்கள். குப்புற மிதப்பது, மல்லாக்க மிதப்பது, மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது, இந்த மூன்றும் முதலில் போதும். மல்லாக்க மிதக்கத் தெரிந்தவளுக்குக் கடலில் பதற்றம் குறைந்துவிடும், ஏனென்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் படுத்து வானத்தைப் பார்த்தபடி மூச்சு வாங்கலாம் என்று அவள் உடம்புக்குத் தெரியும். ஆஸ்துமா, இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இதைக் கேட்காமல் இறங்குவது வீரமில்லை.

உடை பற்றித் தயங்குகிறீர்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். நீச்சலுடை போட வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. கணுக்கால்வரை லெகிங்ஸ், முழுக்கை டி-ஷர்ட் போதும். குப்புற மிதக்கும்போது வெயில் முழுவதும் முதுகிலும் பின்னங்காலிலும் விழுவதால் மூடிய உடையே நல்லது. துப்பட்டா வேண்டாம், புடவை வேண்டாம், சிக்கிக்கொள்ளும். முகத்தில் எண்ணெய் வழிய வேண்டாம், மாஸ்க் வழுக்கும். தலையைப் பின்னி ரப்பர் பேண்ட் போடுங்கள், மாஸ்க் விளிம்புக்குள் ஒரு முடி நுழைந்தாலும் நீர் வரும். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு ஊக்கால் குத்திக்கொள்ளுங்கள், மற்ற நகை வீட்டிலேயே இருக்கட்டும். பயணத் தேதியைக் குறிக்கும்போது உங்கள் மாதாந்திர நாளையும் கணக்கில் எடுங்கள். எல்லோருடைய பரீட்சைத் தேதியையும் லீவையும் பார்த்துத் தேதி குறிக்கும் நீங்கள், உங்கள் உடம்பின் தேதியை மட்டும் கடைசியில் வைத்துப் பழகிவிட்டீர்கள். இந்த முறை அதை முதலில் வையுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பணம் இடிக்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தமான் சிறிய செலவில்லை. மாதம் 5,000 ரூபாய் எடுத்து வைத்தால் ஓராண்டில் 60,000. தபால் நிலையத்தில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று திறங்கள், உங்கள் பெயரில். வீட்டில் மத்திய அரசு ஊழியர் இருந்தால், எல்டிசி என்ற விடுப்புப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் செல்ல ஒரு சிறப்புத் தளர்வு பல ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. இப்போதைய ஆணையை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதுவும் கட்டுப்படியாகாதா? ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காட்டுக்கும் குருசடைத் தீவுக்கும் வனத்துறை படகுப் பயணம் நடத்துகிறது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் எங்கே போகலாம், எங்கே கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். இலங்கையில் உறவு இருப்பவர்களுக்குத் திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவானது. நம் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் அங்கே கடல் கொந்தளிக்கும், கோடை விடுமுறையில் அமைதியாக இருக்கும். எங்கே போனாலும் சரி, நீங்கள் இறங்குகிறீர்கள் என்பது மட்டும் மாறக் கூடாது.

அந்தமான் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். இறங்கிய அன்றே கடலுக்கு ஓடாதீர்கள். உடம்பு ஓய்வெடுக்கட்டும், மறுநாள்தான் நம் நாள்.

அந்த நாளைக் கவனமாகப் போட வேண்டும். ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் வண்டூர். அங்கே மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983இல் அமைந்தது. 15 தீவுகள், 281 சதுர கிலோமீட்டர். பார்வையாளர்களுக்கு ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளைக் காலம் பிரித்து மாற்றி மாற்றித் திறக்கிறார்கள், ஒன்றில் ஆள் நடமாடும்போது மற்றதன் பவளம் இளைப்பாறும். திங்கட்கிழமை விடுமுறை. அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வேண்டும். படகு காலையிலேயே கிளம்பிவிடும். அந்தமான் நம் ஊருக்குக் கிழக்கே வெகுதூரம், கடிகாரம் மட்டும் ஒன்று. டிசம்பர், ஜனவரியில் மாலை ஐந்து மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே எல்லாம் முற்பகலில். விடியுமுன் எழுந்து, இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். நிறைந்த வயிறும் ஆடும் படகும் ஒத்துப்போகாது. படகில் குமட்டல் வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையைக் கிளம்புமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் தொடங்கியபின் பலன் குறைவு.

ஜாலி பாய்க்குள் பிளாஸ்டிக் அனுமதியில்லை. தீவில் கடையும் இல்லை. இது நம் வீட்டுப் பெண்களின் பரீட்சை, நாம் எப்போதும் முதல் வகுப்பில் தேறும் பரீட்சை! எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், துணிப்பை. கொண்டுபோனதில் ஒரு துணுக்குகூட அங்கே மிஞ்சக் கூடாது. தீவை நெருங்கியதும் பெரிய படகிலிருந்து அடியில் கண்ணாடி பதித்த சிறிய படகுக்கு மாற்றுவார்கள். மாமனார், மாமியாருக்கு அந்தக் கண்ணாடிப் படகே போதும். இருந்த இடத்திலிருந்தே பவளம் தெரியும், அவர்கள் முகத்தில் வரும் வியப்பை நீங்களே பார்ப்பீர்கள்.

இப்போது கரை. பை இருக்கிறது. செல்போன் இருக்கிறது. செருப்பு இருக்கிறது. முந்தின இரவே ஒரு காகிதத்தில் முறை எழுதிவிடுங்கள். முதல் முறை: நீங்களும் மகளும் நீரில், கணவரும் மகனும் கரையில். அரை மணி கழித்து மாற்றம். தண்ணீரில் யாரும் தனியாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு பிள்ளையோடும் மிதக்கத் தெரிந்த ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இது பாதுகாப்பின் முதல் விதி. அம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஒரு பெரியவர்தான். அவர் ஒரு பிள்ளையின் மாஸ்க்கைச் சரிசெய்யும் நேரத்தில் இன்னொரு பிள்ளை எங்கே? நீங்கள் மிதக்கக் கற்றுக்கொண்டால் குடும்பத்துக்கு இன்னொரு காவல் கூடுகிறது. முதல் முறை உங்களுடையதாகவே இருக்கட்டும். 'நீங்க எல்லாம் பாத்துட்டு வாங்க, நேரம் இருந்தா பாக்கலாம்' என்று சொன்ன பெண்களுக்கு நேரம் ஒருநாளும் இருந்ததில்லை.

இடுப்பளவு நீரில் நில்லுங்கள். ஜாக்கெட் பட்டியைக் கைடு இழுத்துப் பார்க்கட்டும். மாஸ்க், குழாய். குனிந்து முகத்தை மட்டும் வையுங்கள், கால் தரையிலேயே இருக்கட்டும். நீளமாக வெளியே. மறுபடி. நெஞ்சு அமைதியானதும் கால்களை விடுங்கள்.

கீழே ஓர் ஊர் இருக்கிறது. கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்து நொறுக்குவது உங்கள் காதுக்கே கேட்கும். அவை அரைத்து வெளியே தள்ளும் பவளத் துகளும் சேர்ந்துதான் நீங்கள் நடந்து வந்த வெள்ளை மணல். கடற்சாமந்தியின் விழுதுகளுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன்கள் புகுந்து புறப்படும். அந்த விழுதுகள் மற்ற மீன்களைக் கொட்டும், இவற்றை மட்டும் ஒன்றும் செய்வதில்லை, உடல்மேல் இருக்கும் வழவழப்புப் பூச்சு காக்கிறது. அந்தச் சிறு குடும்பத்துக்குத் தலைமை பெண் மீன். அவள் இறந்தால் அடுத்த பெரிய ஆண் மீன் பெண்ணாக மாறித் தலைமையை ஏற்கிறது. பார்த்துவிட்டு வந்து உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

தொடாதீர்கள். நிற்காதீர்கள். பவளம் உயிர், ஒரு மிதி பல வருட வளர்ச்சியை உடைக்கும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. ஒரு துண்டு பவளத்தைப் பைக்குள் போட்டாலும் குற்றம். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தன. உலகின் நான்காவது பெரும் வெளுப்பு 2024இல் அறிவிக்கப்பட்டது. சில இடங்களில் நீங்கள் பார்ப்பது சாம்பல் நிறப் பிணமாக இருக்கும். அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மறைக்காதீர்கள். முகம் வைத்துப் பார்த்த பிள்ளை அந்தக் கடலுக்காகப் பேசும்.

வயது என்ற சொல்லை இன்னும் விடாமல் பிடித்திருப்பவர்களுக்கு ராஜனைச் சொல்கிறேன். ஹேவ்லாக் தீவில் வாழ்ந்த யானை அவன். மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டவன், தீவு விட்டுத் தீவு நீந்த வைக்கப்பட்டவன். மர வேலை நின்றபின், முதுமையிலும் கடலில் இறங்கி, தும்பிக்கையை நீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கியபடி நீந்தினான். அவனைப் படமெடுக்க உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2016இல் அறுபதைத் தாண்டிய வயதில் இறந்தான். நாற்பத்தைந்தில் 'இனிமே எனக்கெதுக்கு' என்கிற சகோதரியே, உங்களுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது!

வீட்டில் எதிர்ப்பு வரலாம். 'உனக்கெதுக்கு ரிஸ்க்கு' என்று அன்போடுதான் சொல்வார்கள். கோபப்படாதீர்கள், வாதாடவும் வேண்டாம். குளத்தில் மிதந்து காட்டுங்கள். கணவர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் மனைவி இறங்கும்போது கரையில் நின்று 'பாத்து, பாத்து' என்று கத்தாதீர்கள். அந்தக் கத்தல்தான் அவள் காலை இழுக்கும் முதல் நீரோட்டம். பையை வாங்கிக்கொள்ளுங்கள். செருப்பைப் பாருங்கள். புளியோதரை டப்பாவை வெயில் படாமல் வையுங்கள். அவள் வருடக்கணக்காகச் செய்த வேலை அது, அரை மணி நேரம் உங்களால் முடியும்.

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தென்னைமரக் கரை, அந்தமானின் நார்த் பே பக்கத்துக் காட்சி. அந்த நோட்டை நீங்கள் அரிசி டப்பாவுக்குள்ளும் சாமி படத்துக்குப் பின்னாலும் எத்தனை முறை மடித்துச் சேர்த்திருப்பீர்கள்! சேர்த்தது எல்லாம் மற்றவர்களுக்காக. அதில் ஒரு பங்கு உங்கள் மூச்சுக்கும் உங்கள் கண்ணுக்கும் உரியது.

விடுமுறைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இந்த வாரமே ஒரு நீச்சல் குளத்துக்குப் போய்ப் பெண்கள் நேரம் எது என்று கேளுங்கள். படிவத்தில் பிள்ளைகளின் பெயரை எழுதுவதற்கு முன் உங்கள் பெயரை எழுதுங்கள்.